பாலத்தில் சிரித்தவன்

1

இந்தக் கதையை நான் திருடினேன். திருடிய இடம், கிகிந்தா என்ற சமவெளி ஊரில் எங்கள் அடுக்ககத்தின் பின்முற்றம். திருடிய காலம், மிளகாய் சுடும் பருவம். செப்டம்பர் கடைசியில் எங்கள் ஊரில் எந்த முற்றத்தை எட்டிப் பார்த்தாலும் தகர அடுப்பில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தோலை உரித்து, அரைத்து, எண்ணெயில் வதக்கி, குளிர்காலத்துக்குப் போத்தலில் அடைக்க வேண்டும். மூட்டை மூட்டையாக வாங்குவதால் ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. மூன்றாம் மாடி ஸ்மில்கா அக்கா மிளகாயைத் திருப்பிப் போட என்னை உட்கார வைத்தாள். கைக்கு வேலை கொடுத்தவள், காதுக்கும் ஏதாவது வேண்டுமே என்று, கோடையில் தானும் கணவர் ஷார்கோவும் காரில் போய்வந்த பயணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

முழுசாகச் சொல்லவில்லை. முக்கியமான இடம் வந்ததும், "மிளகாய் கருகுது தம்பி, திருப்பு" என்றாள். திருப்பினேன். மறுபடி கேட்டபோது மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாள். ஆகவே பாதிக் கதை அவளுடையது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சொல்ல மறந்த இடமெல்லாம் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைகளைப் பிளந்துகொண்டு ஓடும் அந்தப் பச்சை நதி, காலத்தின்

கிடக்கட்டும். நான் அந்த நதியைப் பார்த்ததே இல்லை. நம்மூரை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சமவெளியில் இருக்கிறேன். எங்களுக்கு உயரமான இடம் என்றால் சர்க்கரை ஆலையின் புகைபோக்கிதான். பிறகு இப்படித் தொடங்கினேன்:

"ஷார்கோ ஒரு பொய்யர்."

இதையும் அடித்துவிட்டேன். கதையே அதைப் பற்றியதாக இருக்கும்போது முதல் வரியிலேயே ஆளைக் கழுவில் ஏற்றுவது நியாயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு. படியில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. சுமார்தான், ஆனால் அடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

2

ஸ்மில்கா இரண்டு விநாடிச் சிரிப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

சிரிப்பு ஒரு படத்தில் வருகிறது. (படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்லிப் பயனில்லை.) போர்ப் படம். காயம்பட்டவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம், பள்ளத்தாக்கின் மேல் தொங்கும் கம்பிப் பாலத்தைக் கடக்கும். பின்னால் குண்டு விழும். எல்லார் முகத்திலும் சாவு பயம். நடுவில் ஒருத்தன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஆட்டுத்தோல் குல்லாய் காதையும் புருவத்தையும் மூடியிருக்கும், தோளில் இருக்கும் மூட்டை பாதிக் கன்னத்தை மறைக்கும், முகமெல்லாம் கரி. இரண்டு விநாடி, அவ்வளவுதான். இயக்குநர் ஏனோ அதை வெட்டாமல் விட்டுவிட்டார். விமரிசகர்கள் அதில் மக்களின் அசைக்க முடியாத ஆன்மாவைக் கண்டார்கள். அந்த முகம் பாடப்புத்தகத்தில் வந்தது, தீப்பெட்டியில் வந்தது. யாருடைய முகம் என்று மட்டும் எங்கும் வரவில்லை. கூட்டத்தில் நடக்க, கட்டாயச் சேவையில் இருந்த ராணுவப் பையன்களை லாரி லாரியாக அனுப்பியிருந்தார்கள். உள்ளூர் ஆட்களும் கலந்திருந்தார்கள். யார் பேரை எழுதுவது?

ஷார்கோ அந்த லாரியில் போனவர். அது உறுதி. "சிரிச்சவன் நான்தான்" என்பது அவர் வாய்ச்சொல். ராணுவத்திலிருந்து திரும்பி சர்க்கரை ஆலையில் சேர்ந்த வருஷம், ஆலை மன்றத்து நடனத்தில், தபால் நிலையத்துப் பெண் ஸ்மில்காவிடம் அதைச் சொன்னார். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவனின் குல்லாயைப் பிடுங்கிப் புருவம்வரை இழுத்துவிட்டு, திரும்பிச் சிரித்துக் காட்டினார். நம்பினாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

குண்டு விழும்போது ஏன் சிரித்தாராம்? வெளியில் கேட்டால், "இளவயசு, பயம் தெரியல" என்பார். வீட்டுக்குள் வேறு பதில். பின்னால் வந்தவன் "உன் கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றானாம். இயக்குநர் ஒலிபெருக்கியில் உயிர் போகக் கத்துகிறார், கிழிந்த இடத்தில் பள்ளத்தாக்குக் காற்று. சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் கல்யாணமோ ஞானஸ்நானமோ ஆலை விழாவோ, யாராவது ஒருத்தர் "ஷார்கோ, சிரி" என்பார். சிரிப்பார். நானும் படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் அது ஒரு வணக்கம்.

அவருடைய காதுகளையும் சொல்லிவிடுகிறேன். குடத்துக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்ததுபோல இருக்கும். படத்தில் குல்லாய் அவற்றை மறைத்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் தீப்பெட்டி மூடியிருக்காது என்பது ஸ்மில்காவின் கேலி.*

* காதைச் சும்மா எழுதவில்லை. பின்னால் வேண்டும்.

3

பயணத்துக்குக் காரணம் மகள் தியானா. "அப்பா சிரிச்ச பாலத்தை நீ பாத்ததே இல்லையேம்மா" என்று அவள்தான் கிளப்பிவிட்டாள். படம் எடுத்த மூன்று இடங்களையும் அம்மாவின் கைபேசியில் குறித்து, அறைகளுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். இத்தனை வருஷமாக ஷார்கோவிடம் ஒரு சாக்கு இருந்தது. ஒரு வருஷம் ரோடு சரியில்லை, ஒரு வருஷம் கார் சரியில்லை, மற்ற வருஷமெல்லாம் கடல்தான் நல்லது, மலையில் என்ன இருக்கிறது, கல்லும் காற்றும். இந்தத் தடவை ரோடும் சரி, காரும் சரி, இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று.

இது வெளிநாட்டுப் பயணமா இல்லையா என்று வீட்டில் ஒரு சண்டை. அவர் போன காலத்தில் அது ஒரே நாடு. லாரியில் ஏறினால் பாட்டுப் பாடிக்கொண்டே போய் இறங்கலாம். இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு பையன் கடவுச்சீட்டைக் கேட்டான். எதற்காக வருகிறீர்கள் என்றும் கேட்டான். இருபது வயதில் இந்த நாட்டைக் காப்பாற்றியவன் நான் என்று ஷார்கோ அவனுக்குப் படக்கதையை ஆரம்பித்தார். பையன் முத்திரை குத்திக்கொண்டே சொன்னான்: "நல்லா காப்பாத்துனீங்க பெரியப்பா. ஒண்ணா இருந்த நாடு ஆறாச்சு."

முதல் இடம், படத்தில் ரயில் எரிகிற ஸ்டேஷன். போனால் கையகலம்தான் இருந்தது. படத்தில் பார்த்த இடம் நேரில் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். கேமரா ஒதுக்கி வைத்ததெல்லாம், மின்கம்பம், கழிப்பறை, யாரோ காயப்போட்ட போர்வை, மரியாதை இல்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். நாலு நாடுகளின் கார்கள் நின்றன. தண்டவாளத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஸ்மில்கா போய், "பாலத்துல சிரிச்சவர் இவர்தான்" என்றாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. எல்லாரும் ஓடி வந்தார்கள். ஷார்கோ சிரித்தார். ஒரு ஆள் குல்லாய்கூட வைத்திருந்தான்.

இரண்டாவது இடம், மேட்டில் ஒரு புல்வெளி. அங்கேயும் சொன்னாள். அங்கேயும் சிரித்தார், ஆனால் அரைகுறையாக. காருக்குத் திரும்பும்போது, "இனிமே யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கார் நடந்தது. ஓடவில்லை, நடந்தது. லாரிக்காரர்கள் ஒலி எழுப்பிக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஊற்று கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பாலத்துக்கு இரண்டு வளைவு இருக்கும்போது, "விட்டுட்டு நேரா கடலுக்குப் போயிடலாமா? மீன் சாப்பிடலாம்" என்றார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா காதால கேட்டது. ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்து மீன் சாப்பிடறேன்."

[இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. உனக்கு ஏன் வரவில்லை என்று ஸ்மில்காவைக் கேட்டேன். "அந்த ரோட்டுல என் பக்கம் பூரா பாதாளம் தம்பி. சந்தேகப்பட எங்க நேரம்?" என்றாள். ஒரு எழுத்தாளனால் இவ்வளவு நல்ல காரணத்தைக் கற்பனை செய்ய முடியாது.]

4

ஸ்மில்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார் எங்கே நின்றாலும் முதலில் போய் அஞ்சலித் தாள்களைப் படிப்பாள்.

நம்மூர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் ஒல்லித் தம்பி அது. கறுப்புக் கரை போட்ட ஒற்றைத் தாள், ஒரு படம், பெயர், வயது, துயரத்தில் வாடும் இன்னார் இன்னார். மரத்தில், மின்கம்பத்தில், ரொட்டிக்கடைக் கதவில் என்று எங்கும் ஒட்டியிருக்கும். இங்கே யாரும் அதைப் படிக்காமல் கடந்துபோக மாட்டார்கள். ஸ்மில்கா முன்பின் தெரியாத ஊரிலும் படிப்பாள். ஆயுசு முழுக்கத் தபாலில் ஊராரின் பேரைப் படித்த பழக்கம். "கடவுளுக்குக் கணக்கு எழுதறியா?" என்று ஷார்கோ கேட்பார்.

பாலம் இருந்த ஊரில் ஒரு கடை, ஒரு தேவாலயம், சாய்ந்து நிற்கும் பத்து இருபது வீடுகள். ஷார்கோ இன்னொரு முறை தண்ணீர் குடிக்க ஊற்றுக்குப் போனார். பாலம் ஐம்பதடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்மில்கா பாலத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல முதலில் கம்பத்துக்குப் போனாள்.

கம்பத்தில் ஷார்கோ ஒட்டியிருந்தார்.

(இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அவள் அப்படித்தான் சொன்னாள்: "கம்பத்துல என் புருஷன் ஒட்டியிருந்தான்.")

குல்லாய், மூட்டை, கரி, சிரிப்பு. தீப்பெட்டியில் வந்த அதே படம். கீழே வேறு பெயர். மியாத், எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். நாற்பதாம் நாள் வழிபாடு சனிக்கிழமை, வீட்டு முற்றத்தில் சாப்பாடு. துயரத்தில் வாடும் மனைவி விதோசாவா, மகன் பாத்ரிச், மற்றும் பேரப்பிள்ளைகள்.

அன்று சனிக்கிழமை.

அப்போது அவள் மனத்தில்

அவள் உள்ளத்தில் ஏதோ ஒன்று

தெரியவில்லை. மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன், மூன்றும் சினிமா. அவள் என்னிடம் சொன்னது, ஷார்கோ செத்துப்போய்விட்டான் என்றுதான் ஒரு நொடி நினைத்தாளாம். திரும்பி ஊற்றடியில் குனிந்து தண்ணீர் குடிக்கும் ஷார்கோவின் முதுகைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாம். கோபம் அதற்கப்புறம்தான்.

5

இந்த ஊர்களில், அந்நியர் ஒருத்தர் அஞ்சலித் தாளின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் அவர் துக்கத்துக்கு வந்தவர். இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. நாற்பது நாள் சவரம் செய்யாத தாடியும் கறுப்புச் சட்டையுமாக ஒருத்தன் வந்தான், மகன் பாத்ரிச். ஸ்மில்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவ்வளவு தூரத்துலருந்தா வந்தீங்க?" என்று கார் எண்ணைப் பார்த்துக் கேட்டான். "அப்பாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"முகம் தெரியும்" என்றாள் ஸ்மில்கா. அது பொய்யில்லை.

அதற்கு மேல், "இல்லை, நாங்கள் பாலம் பார்க்க வந்தோம்" என்று யாரால் சொல்ல முடியும்? ஊற்றடியிலிருந்து ஷார்கோவையும் பிடித்து அழைத்து வந்தான். வீட்டு வாசலில் அதே தாள் இன்னொன்று ஒட்டியிருந்தது. ஷார்கோ அதன் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். காதிரண்டும் சிவந்தன. ஸ்மில்கா அவர் முகத்தையே பார்த்தாள். அதில் அதிர்ச்சி இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் கடைசியில் வந்தேவிட்டார் என்பதுபோல ஒரு அமைதிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். தபால் நிலையத்தில் சுவரில் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறாள். முந்தாநாள் ஸ்டேஷனில் நாலு நாட்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஊரான் முகத்துக்கு இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறாள்.

துக்க வீட்டில் சண்டை போட முடியாது. உட்கார்ந்தாள்.

வால்நட் மரத்தடியில் நீள மேசை. முதலில் ஒரு கரண்டி வேகவைத்த இனிப்புக் கோதுமை, பிறகு சாராயம். இறந்தவருக்காக ஒரு சொட்டு தரையில் விட வேண்டும், கிளாஸோடு கிளாஸ் மோதக் கூடாது. ஷார்கோ இரண்டு சொட்டு விட்டார். (இது என்னுடையது. எத்தனை சொட்டு என்று அவள் சொல்லவில்லை.)

விதோசாவா தலைக்குக் கறுப்புத் துணி கட்டிய, பெருங்குரல் கொண்ட பெண்மணி. புதிதாக வந்தவர்களுக்காக எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்தாள். தாளில் போட நல்ல படம் வேறு இல்லை. மியாத் ஆயுசு முழுக்கக் கேமராவைக் கண்டால் உர்ரென்று முகத்தை வைத்துக்கொள்வார். சிரித்தது ஒரே ஒரு படத்தில். அதைப் போட்டாள். பாதிரியார் சினிமாப் படத்தைப் போடுவதா என்று முகம் சுளித்தார், அவரையும் ஒரு கை பார்த்தாளாம்.

"வெளிய கேட்டா, குண்டுக்கெல்லாம் நான் பயப்படலேன்னு மீசையை முறுக்குவார். எனக்கு மட்டும் நிஜத்தைச் சொன்னார். அன்னைக்குப் பின்னாடி ஒரு ராணுவப் பையனாம், சமவெளிக்காரன். உங்க ஆளுங்க பேச ஆரம்பிச்சா முடிக்கறதுக்குள்ள நாங்க அறுவடையே முடிச்சிருவோமே தங்கச்சி, அந்த மாதிரி. 'உன்… கால்சட்டை… பின்னாடி… கிழிஞ்சிருக்கு.' எல்லாரும் உயிருக்கு ஓடறாங்க, இவன் இப்படி இழுக்கறான். கிழிஞ்சதுக்கு இல்ல, அவன் இழுத்த இழுப்புக்குத்தான் சிரிச்சேன்னு சொல்வார்."

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஸ்மில்கா சிரிக்கவில்லை. கிண்ணத்தில் இருந்த கோதுமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பேச்சு, ஆறு மலை தாண்டி இங்கே இன்னொருத்தி வீட்டுக்குள்ளேயும் புழங்கியிருக்கிறது.

பாத்ரிச் வீட்டுக்குள் போய்ச் சட்டம் போட்ட இன்னொரு படத்தைக் கொண்டுவந்தான். படப்பிடிப்பு இடைவேளையில் யாரோ எடுத்தது. குல்லாய் இல்லாத மியாத், கால்சட்டையின் பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். அது மியாத்தான், மகனுக்கும் அதே தாடை. பின்னால் தள்ளி, மங்கலாக, ஒல்லிப் பையன் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். முகம் தெரியவில்லை. குல்லாய் கையில் இருக்கிறது. வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது, இரண்டு காதும் விளக்கு மாதிரி எரிகின்றன.

மேசையில் இருந்த யாருக்கும் அது ஒரு மங்கல் பையன். ஸ்மில்காவுக்கு நாற்பத்தைந்து வருஷம் தலையணையில் பக்கத்தில் கிடந்த காது.

(சொன்னேன் அல்லவா, சும்மா எழுதவில்லை என்று.)

"கடைசி வாரம்கூடப் புலம்பினார்" என்றாள் விதோசாவா. குரல் இப்போது தணிந்திருந்தது. "அந்தப் பய பேரைக் கேக்காம விட்டுட்டேனே விதோசாவா, அவன் இல்லேன்னா நான் மூட்டை தூக்கினவங்கள்ல ஒருத்தன், அவ்வளவுதானே, ஒரு வாய் சாராயம்கூட ஊத்திக் குடுக்கலியேன்னு. வருஷா வருஷம் பாலம் பாக்க வர்றவங்களை எல்லாம் கேப்பார். சிரிச்சவன் நான்தான்னு சொல்லிக்கிட்டு வந்தவங்களே பத்துப் பேர் இருப்பாங்க. அவங்களுக்கும் சாப்பாடு போட்டு அனுப்புவார், ஒண்ணும் சொல்ல மாட்டார். பின்னாடி நின்னவன் நான்னு ஒருத்தன் வரல." அவள் ஷார்கோவின் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்தப் பக்கம்தானே அண்ணே. உங்க ஊர்ல யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

6

இப்போது நிலவரத்தைப் பாருங்கள்.

ஷார்கோ "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு விதவை, செத்தவர் வைத்துவிட்டுப் போன ஒரே ஆசையை நிறைவேற்றிக்கொள்வாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை ஸ்மில்காவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். விதோசாவாவுக்கு அது பரிசு, ஸ்மில்காவுக்கு வாக்குமூலம். மன்றத்து நடனத்திலிருந்து இதுவரை எல்லாம் அதோடு போகும். அவர் சொன்ன பொய் ஒன்றும் பெரிய பொய் இல்லைதான். ஓரடி முன்னால் தள்ளி நின்றுகொண்டார், அவ்வளவுதான். அந்த ஓரடியின் மேல்தான் குடித்தனத்தைக் கட்டியிருக்கிறார்.

ஸ்மில்காவே சொல்லியிருக்கலாமே? கேட்டேன். வாய்வரை வந்ததாம். "நான் சொன்னா அது என் வாயிலருந்து வந்த உண்மை தம்பி. அவன் மானத்தை நான் காப்பாத்தின மாதிரி இருக்கும், இல்ல வாங்கின மாதிரி இருக்கும். ரெண்டும் எனக்கு வேண்டாம்." அவள் தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் கோபத்துக்கு நடுவில் வேறொன்று உறுத்தியது. ஒரு நாடே கொண்டாடிய சிரிப்பை வரவழைத்தவன் இத்தனை வருஷம் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறான், அவனை யாரும் ஒரு தடவைகூட "சொல்லு" என்று கேட்டதில்லை. "சிரி" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"ஷார்கோ கிளாஸைக் கீழ வெச்சான்" என்றாள் ஸ்மில்கா. அங்கேதான் மிளகாய் கருகியது.

ஆகவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஷார்கோ சொல்கிறார். விதோசாவா அழுகிறாள், பாத்ரிச் கட்டிப்பிடிக்கிறான், எல்லாரும் பாலத்துக்குப் போகிறார்கள், அஸ்தமனம். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. அஸ்தமனத்தை எடுத்துப் பார்த்தேன், அப்போதும் கூச்சம் போகவில்லை.

இரண்டாவது முடிவு: "கேள்விப்பட்டதில்லம்மா" என்கிறார். கடலுக்குப் போகிறார்கள். மீன் வருகிறது. முள்ளை எடுத்துக்கொண்டே ஸ்மில்கா, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்கிறாள். மிச்ச ஆயுசு முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இது நடந்திருக்கக்கூடியது. இதை எழுதிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது முடிவில், ஸ்மில்கா மேசைக்கடியில் அவர் காலை மிதிக்கிறாள். இது நல்லா

எதற்காக மிதித்தாள், சொல் என்றா, சொல்லாதே என்றா? எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

விமரிசகர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். கணவனைப் பேர் சொல்லி 'நீ' என்று கூப்பிடுகிற பெண் இதற்கா இவ்வளவு யோசிப்பாள் என்று கேட்டார். இங்கே எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், யோசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

7

போன வாரம், முடிவு கிடைக்காத எரிச்சலில், குப்பைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எதிரே ஷார்கோ ரொட்டியோடு ஏறி வந்தார். பழக்க தோஷம். "ஷார்கோ அண்ணே, சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மிளகாய் முற்றத்துக்குப் பிறகு அன்றுதான் அவரை நேருக்கு நேர் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி மேலே போனார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து நான் இறங்க ஆரம்பித்தேன். இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது. சமவெளிக்காரர்கள் மெதுவாகப் பேசுவார்கள்தான், ஆனால் இவ்வளவு மெதுவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி… உன்… கால்சட்டை… பின்னாடி… கிழிஞ்சிருக்கு."

கை தானாகப் பின்னால் போனது. கிழியவில்லை. திரும்பிப் பார்த்தேன், குப்பைப் பையும் கையுமாக, சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தார். "ம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார். மேலே கதவு திறந்தது. யார் கிட்ட பேசிட்டு வர்றே என்று ஸ்மில்கா கேட்டதும், அவர் ஏதோ சொன்னதும் கேட்டன. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள்.

இது எனக்குத் தெரிந்த கடைசி விவரம். இதை வைத்து அங்கே மேசையில் என்ன நடந்தது என்று முடிவு கட்டலாமா? அங்கே சொன்னதால்தான் இங்கேயும் சொல்ல வந்ததா, அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே படிக்கட்டில் யார் யாரிடமோ சொல்லித் தீர்க்கிறாரா? இரண்டுக்கும் இந்தப் படிக்கட்டு பொருந்துகிறது. ஸ்மில்காவைக் கேட்கலாம். அடுத்த மிளகாய்ப் பருவத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அப்போதும் ஏதாவது கருகும்.

ஆகவே அவரை வால்நட் மரத்தடியில் அப்படியே விட்டுவிட்டு வருகிறேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். விதோசாவா பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஸ்மில்கா தலை நிமிரவில்லை. சொல்ல வைப்பதா வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். சொல்ல வைத்தால், மெதுவாகச் சொல்ல வையுங்கள்.